பருத்தி மண்ணில் பசித்த பிள்ளைகள்

மெம்ஃபிஸ் நகரத்தைத் தாண்டித் தெற்கே இறங்கினால் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் தொடங்கிவிடுகிறது. முதலில் வருவது டிசோட்டோ கவுண்டி. மெம்ஃபிஸில் வேலை பார்ப்பவர்கள் வீடு கட்டிக் குடியேறிய புறநகர். புதுப் பள்ளிகள், கிடங்குகள், வணிக வளாகங்கள். ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். இங்கே ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வளர்கிறார். மேற்கே எல்லை தாண்டினால் டியூனிகா கவுண்டி. பத்தாயிரம் பேர்கூட இல்லாத சமவெளி. இங்கே மூன்றில் ஒரு பிள்ளைக்கும் மேல் ஏழை. இரண்டுக்கும் நடுவில் மலையில்லை, பாலைவனமில்லை. வரைபடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

கவுண்டி என்பது நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட நிர்வாக அலகு. வரி வசூலிப்பது, சாலை போடுவது, ஷெரீப்பைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பள்ளி மாவட்டங்களும் பெரும்பாலும் அதன் எல்லையை ஒட்டியே அமைகின்றன. மிசிசிப்பியில் 82 கவுண்டிகள். அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய ஆறு பிள்ளைகளில் ஒருவர் ஏழையென்றால், மிசிசிப்பியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். குழந்தை வறுமைப் பட்டியலில் இந்த மாநிலம் கடைசி இடத்திலோ அதற்கு ஓரிரு படி மேலேயோதான் பல பத்தாண்டுகளாக நிற்கிறது.

மாநில சராசரி சொல்வது பாதிக் கதை. ஜாக்சன் நகரத்தை அடுத்த ராங்கின், மாடிசன் கவுண்டிகளில் குழந்தை வறுமை நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வடக்கே போனால் ஹோம்ஸ் கவுண்டி. அங்கே ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் ஐந்தில் இரண்டு பிள்ளைகளை ஒட்டியோ அதற்கு மேலோதான். சில ஆண்டுகளில் பாதியையும் தாண்டியிருக்கிறது. உலகின் மிகப் பணக்கார நாட்டில், ஒரு வகுப்பறையில் பாதிப் பிள்ளைகள் ஏழைகள் என்பதை என்னால் இயல்பான செய்தியாகப் படிக்க முடியவில்லை. இது எப்படி வந்தது, ஏன் போகவில்லை? அதை விளங்கிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கோடு போட்டவர்

வறுமைக் கோடு என்று நாம் சொல்வதை அமெரிக்காவுக்கு வகுத்துக் கொடுத்தவர் மாலி ஆர்ஷான்ஸ்கி. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய பொருளியலாளர், புள்ளியியலாளர். 1955ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், சராசரிக் குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தது தெரியவந்தது. வேளாண் துறை வகுத்திருந்த மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் விலையை எடுத்து மூன்றால் பெருக்கினார். அதுதான் கோடு. 1963, 64 ஆண்டுகளில் அவர் போட்ட அந்தக் கணக்கு 1969ல் நாடு முழுமைக்குமான அதிகாரப்பூர்வ அளவானது. அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தினார்களே தவிர, அடிப்படையை மாற்றவில்லை. இன்று சாப்பாட்டுக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போவதில்லை. வீட்டு வாடகை, குழந்தைக் காப்பகக் கட்டணம், மருத்துவம், வேலைக்குப் போக ஒரு கார் ஆகியவைதான் குடும்பத்தை அழுத்துகின்றன. பழைய சட்டையை இன்றைய உடம்பில் மாட்டியதுபோல அந்தக் கோடு இறுக்கமாக இருக்கிறது.

2023ல் பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அந்தக் கோடு 30,900 டாலர். தாய் ஒருத்தி இரண்டு பிள்ளைகளை வளர்த்தால் சுமார் 24,500. மிசிசிப்பியில் மாநிலத்துக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. 2009 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் மணிக்கு 7.25 டாலர்தான் அங்கே சட்டம். அந்தக் கூலிக்கு வாரம் 40 மணி நேரம், ஆண்டில் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் கையில் வருவது 15,080 டாலர். காய்ச்சல் என்று ஒருநாள் படுக்காமல் வேலை பார்த்த தாயின் பிள்ளைகளும் கோட்டுக்கு வெகு கீழேதான் இருப்பார்கள். “வேலைக்குப் போனால் வறுமை போய்விடும்” என்று மேடையில் பேசுபவர்கள் இந்த எளிய பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கவுண்டிவாரியாக எண்ணுவது எளிதல்ல. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் பெரிய ஆய்வு, 65 ஆயிரம் பேருக்கு மேல் வாழும் கவுண்டிகளுக்கு மட்டுமே ஓராண்டு விவரத்தைத் தருகிறது. சிறிய கவுண்டிகளுக்கு ஐந்தாண்டு விவரத்தைச் சேர்த்துத்தான் பார்க்க முடியும். ஆகவே வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை, ஆய்வு முடிவுகள் எல்லாவற்றையும் கலந்து ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பீடு தயாரிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் கூடுதல் நிதி இந்த எண்ணை வைத்துத்தான் பிரிகிறது. எண் தவறினால் ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைவார்.

2020 கணக்கின்படி வெறும் 1,338 பேர் வசித்த இசக்குவினா கவுண்டியில் நாலைந்து குடும்பங்களின் நிலை மாறினாலே விகிதம் குதிக்கும். ஆகவே “இந்த ஆண்டின் மிக ஏழைக் கவுண்டி எது” என்ற தலைப்புச் செய்திகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்று: விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு. ஹோம்ஸில் விகிதம் அதிகம். ஆனால் ஏழைப் பிள்ளைகளை எண்ணினால் அதிகம் பேர் இருப்பது தலைநகர் ஜாக்சன் அமைந்துள்ள ஹைண்ட்ஸ் கவுண்டியில். நிதியை விகிதத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் நகரத்துப் பிள்ளை ஏமாறும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கிராமத்துப் பிள்ளை ஏமாறும்.

பணக்காரக் கவுண்டி என்று பெயரெடுத்த மாடிசனையே பாருங்கள். அதன் தென்பகுதியில் மாநிலத்தின் செல்வந்தர்கள் வாழும் குடியிருப்புகள். அதே கவுண்டியின் தலைநகரான கான்டனில் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வறுமையில் இருக்கின்றன. 2003ல் நிசான் கார் ஆலை வந்தது கான்டனுக்குத்தான். இருந்தும் கவுண்டியின் அழகான சராசரிக்குள் கான்டனின் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

வண்டல் நிலம், வாரக் கணக்கு

குழந்தை வறுமை மிகுந்த கவுண்டிகளை வரைபடத்தில் கறுப்பாகத் தீட்டினால், அந்தக் கறுப்பு பெரும்பாலும் ஓர் இடத்தில் அடர்ந்து நிற்கும். மாநிலத்தின் வடமேற்கில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே விரியும் சமவெளி அது. ‘டெல்டா’ என்று அழைக்கிறார்கள். ஆற்று வெள்ளம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். உலகின் மிக வளமான மண்களில் ஒன்று. அந்த மண்ணில்தான் பிள்ளைகள் பசியோடு வளர்கிறார்கள்.

அடிமைகளைக் கொண்டு காட்டை அழித்துப் பருத்தி விதைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு வாரச் சாகுபடி வந்தது. நிலம் பண்ணையாருடையது. உழைப்பு குடியானவருடையது. விதையும் உரமும் சாப்பாட்டுச் சாமான்களும் பண்ணைக் கடையில் கடனாக வாங்கியவை. அறுவடை முடிந்ததும் பண்ணையாரே கணக்குப் பார்ப்பார். பெரும்பாலும் குடியானவர் பெயரில் பற்று மிஞ்சும். எழுதப் படிக்கத் தெரிந்தால் கணக்கைக் கேட்பார்களே! ஆகவே பருத்தி எடுக்கும் பருவத்தை ஒட்டியே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி நாள்கள் அமைந்தன.

1944 அக்டோபர் 2 அன்று கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரங்களை ஓட்டிக் காட்டினார்கள். ஓர் இயந்திரம் ஏராளமான ஆட்களின் வேலையைச் செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பண்ணைகளுக்கு மனிதக் கைகள் தேவையற்றுப் போயின. லட்சக்கணக்கானோர் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயில் ஏறினார்கள். 1940ல் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் வாழ்ந்த ஹோம்ஸ் கவுண்டியில் 2020ல் 17 ஆயிரம் பேர்தான். போக முடியாதவர்கள் தங்கிவிட்டார்கள்: நிலமில்லாதவர்கள், வயதானவர்கள், சிறு பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள்.

இப்போதும் அந்த நிலம் பொன் விளைகிற நிலம்தான். சோயா, சோளம், பருத்தி, நெல் எல்லாம் விளைகின்றன. ஆனால் விளைச்சலில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. பண்ணைகள் பெரிதாகிவிட்டன, வேலை குறைந்துவிட்டது. அந்தக் குறைந்த வேலையிலும் அநீதி நுழைந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து விசாவில் வெள்ளையின வேலையாட்களை வரவழைத்து, அவர்களுக்குத் தங்களைவிடக் கூடுதல் கூலி கொடுத்தார்கள் என்று சன்ஃபிளவர் கவுண்டியின் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்கள் 2021ல் நீதிமன்றம் போனார்கள். அதற்குப் பின் மத்தியத் தொழிலாளர் துறை நடத்திய விசாரணைகளில் டெல்டாவின் பல பண்ணைகள் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குக் குறைத்துக் கூலி கொடுத்தது வெளிப்பட்டது. தந்தையின் கூலியில் குறைந்த டாலர், மகளின் தட்டில் குறைந்த சோறு. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

டியூனிகாவின் கதை வேறு விதமான பாடம். 1985ல் குடிமை உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அங்கே வந்து, திறந்த சாக்கடை ஓரத்தில் குடிசைகள் நின்ற ‘சுகர் டிட்ச்’ பகுதியைப் பார்த்து, இது அமெரிக்காவின் எத்தியோப்பியா என்றார். நாடே அதிர்ந்தது. 1992ல் சூதாட்ட விடுதிகள் வந்தன. ஒரு கட்டத்தில் ஒன்பது விடுதிகள். கவுண்டியின் கஜானாவில் பணம் குவிந்தது. சாலைகள் அகலமாயின, அரங்கம் எழுந்தது. பலருக்கு வேலை கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் நல்ல வேலைகளுக்கு வந்தவர்களில் பலர் பக்கத்துக் கவுண்டிகளில் வீடு பார்த்துக்கொண்டார்கள். பிற மாநிலங்களிலும் சூதாட்ட விடுதிகள் திறந்ததும் வருமானம் சரிந்தது. 2014ல் டியூனிகாவின் மிகப் பெரிய விடுதி மூடப்பட்டது. பணம் ஒரு கவுண்டிக்குள் வருவது வேறு, அது பிள்ளைகளின் வீட்டுக்குள் வருவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஹோம்ஸ்: தோற்றவர்களின் ஊரல்ல

ஹோம்ஸ் கவுண்டியை வறுமைப் பட்டியலின் அடியில் உள்ள ஒரு பெயராக மட்டும் பார்ப்பது பெரும் பிழை. அமெரிக்க ஜனநாயகத்துக்கு இந்தச் சிறிய கவுண்டி கொடுத்தது பல பெரிய நகரங்கள் கொடுத்ததைவிட அதிகம்.

பெருமந்தக் காலத்துக்குப் பிறகு, ரூஸ்வெல்ட் ஆட்சியில், மைல்ஸ்டன் என்ற ஊரில் கைமாறிய பண்ணை நிலத்தை மத்திய அரசு வாங்கிப் பிரித்து, நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்டகாலக் கடனில் விற்றது. டெல்டாவில் கறுப்பின மக்கள் சொந்த நிலத்தில் நின்றது அபூர்வம். இருபது ஆண்டுகள் கழித்து அதன் பலன் தெரிந்தது. 1963 ஏப்ரல் 9 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய லெக்சிங்டன் நீதிமன்ற வாசலுக்கு நடந்து போன 14 பேர் அந்த மைல்ஸ்டன் பகுதியின் விவசாயிகள். பண்ணையார் வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் அவர்களுக்கு இல்லை. ஹார்ட்மன் டர்ன்போ முன்னால் நின்றார். ஒரு மாதத்தில் அவர் வீட்டில் நெருப்புக் குண்டு வீசினார்கள். தன் வீட்டுக்குத் தானே தீ வைத்ததாக அவரையே கைது செய்தார் ஷெரீப்.

1967ல் அதே கவுண்டியிலிருந்து ராபர்ட் கிளார்க் என்ற ஆசிரியர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். உள்நாட்டுப் போரை அடுத்து வந்த மறுகட்டமைப்புக் காலத்துக்குப் பிறகு மிசிசிப்பிச் சட்டமன்றத்தில் நுழைந்த முதல் கறுப்பின உறுப்பினர். இரண்டு பேர் அமரும் மேசையில் ஆண்டுக்கணக்கில் அவரைத் தனியே உட்கார வைத்தார்கள். அவர் பொறுத்தார். கல்விக் குழுவின் தலைவரானார். 1982ல் ஆளுநர் வில்லியம் வின்டரோடு சேர்ந்து அவர் நிறைவேற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டம்தான் மாநிலம் முழுவதும் அரசு மழலையர் வகுப்புக்கு வழி திறந்தது. அதுவரை மிசிசிப்பியின் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் உறுதியில்லை. 2025ல் கிளார்க் காலமானார்.

பள்ளிகளில் இனப் பிரிவினையை உடனே நிறுத்துங்கள், இனித் தவணை கிடையாது என்று 1969 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஹோம்ஸ் கவுண்டிப் பள்ளி வாரியத்தின் மீது தொடுத்த வழக்கில்தான் வந்தது. தீர்ப்பில் வழக்குத் தொடுத்த கறுப்பினப் பெற்றோர்கள் வென்றார்கள். ஆனால் வெள்ளைப் பிள்ளைகள் ஏறக்குறைய முற்றாக அரசுப் பள்ளிகளைவிட்டு வெளியேறி, புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களோடு அந்தக் குடும்பங்களின் அக்கறையும் செல்வாக்கும் போயின. நிலம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் ஒருவரும் படிக்காத பள்ளிக்கு நிலவரியை உயர்த்த யார் முன்வருவார்கள்? டெல்டாவின் பல ஊர்களில் இந்தப் பிளவு இன்றும் தொடர்கிறது. மாநில அளவில் கறுப்பினப் பிள்ளைகளின் வறுமை விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளின் விகிதத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

மருந்துச் சீட்டில் சாப்பாடு

1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்தார்கள். நிலைமையை அவர்களுக்கு நேரில் காட்டியவர் மேரியன் ரைட் என்ற இளம் வழக்கறிஞர். பின்னாளில் குழந்தைகள் பாதுகாப்பு நிதியத்தை நிறுவிய மேரியன் ரைட் எடல்மன் அவர்தான். கிளீவ்லேண்டில் ஒரு குடிசையின் தரையில் கிடந்த உணவுத் துணுக்குகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த குழந்தையின் முன்னால் கென்னடி மண்டியிட்டார். எவ்வளவு தொட்டும் அழைத்தும் அந்தக் குழந்தை அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் காலத்தில், கடையில் சாமான் வாங்க அரசு தந்த உணவு முத்திரையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வருமானமே இல்லாத குடும்பம் தலைக்கு இரண்டு டாலருக்கு எங்கே போகும்? முன்பு இலவசமாகக் கிடைத்த மாவும் பால்பொடியும் நின்று, முத்திரை முறை வந்ததும் பசி கூடியது. பிறகு 1970களில்தான் காசு கட்டும் விதி நீங்கியது.

பக்கத்தில் மவுண்ட் பயூ. முன்னாள் அடிமைகள் 1887ல் தாமே நிறுவிய ஊர். அங்கே டாக்டர் ஜாக் கெய்கர் ஒரு சமூக மருத்துவ மையத்தைத் தொடங்கினார். பசியால் மெலிந்த பிள்ளைகள் வந்தபோது மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பால், இறைச்சி, காய்கறி என்று எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர் மளிகைக் கடைகள் அந்தச் சீட்டுக்குச் சாமான் கொடுத்து, மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டன. வாஷிங்டன் அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். ஊட்டக்குறைவுக்குப் பாடநூல் சொல்லும் மருந்து உணவுதான் என்றார் கெய்கர். மருத்துவ வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த மருந்துச் சீட்டு இது.

சன்ஃபிளவர் கவுண்டியில் குடிமை உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் இன்னொரு வழி கண்டார். 1969ல் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். பன்றி வங்கி ஒன்றும் நடத்தினார். ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி கொடுப்பார்கள். அது ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தந்தால் அவை வேறு குடும்பங்களுக்குப் போகும். வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காக வேலையை இழந்தவர், பசி இருக்கும்வரை வாக்கும் சுதந்திரமாக இருக்காது என்பதை உணர்ந்து செய்த காரியம் அது. 1970களில் கடனிலும் இயற்கைச் சீற்றத்திலும் பண்ணை முடங்கியது.

அதற்கு முன்பே, 1965 கோடையில், சிறு பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை மிசிசிப்பியின் ஏழைத் தாய்மார்களே தேவாலயக் கூடங்களில் நடத்தினார்கள். சுமார் ஆறாயிரம் பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, பாடம். பருத்திக் காட்டில் களை வெட்டிய தாய்மார்கள் பண்ணையாரைச் சாராத சம்பளத்தை வாங்கினார்கள். மாநிலத்தின் செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் அந்த நிதியை நிறுத்தப் பலமாக முயன்றார். ஏழைக் குழந்தைக்குச் சாப்பாடு போடும் திட்டத்தைக்கூட அதிகாரப் போட்டியாகப் பார்த்தார்கள்.

கைக்கு எட்டாத பணம்

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1996ல் கிளின்டன் ஆட்சியில் ஏழைக் குடும்ப உதவித் திட்டத்தை மாற்றி, மாநிலங்களுக்கு மொத்தத் தொகையாகக் கொடுத்துவிட்டார்கள். மிசிசிப்பிக்கு ஆண்டுக்குச் சுமார் 8.65 கோடி டாலர். எப்படிச் செலவழிப்பது என்பது பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். தாயும் இரண்டு பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 170 டாலர்தான் மிசிசிப்பி கொடுத்தது. நாட்டிலேயே மிகக் குறைவு. 2021ல்தான் அது 260 ஆனது. 2016ல் விண்ணப்பித்த 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏற்கப்பட்டவர்கள் இருநூறு பேர்கூட இல்லை.

அப்படியானால் பணம் எங்கே போனது? 2020ல் மாநிலத் தணிக்கையாளர் ஷாட் வைட்டின் அறிக்கை அதைச் சொன்னது. பிறகு நடந்த தடயவியல் தணிக்கை, முறைகேடாகச் செலவான தொகையை 7.7 கோடி டாலர் என்று கணக்கிட்டது. ஏழைப் பிள்ளைகளின் பெயரில் வந்த பணத்தில் ஐம்பது லட்சம் டாலர், பல்கலைக்கழகம் ஒன்றில் கைப்பந்து அரங்கம் கட்டப் போனது. மாநில மனித சேவைத் துறையின் இயக்குநராக இருந்த ஜான் டேவிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திருட்டைவிட எனக்கு அதிகம் வலிப்பது மற்றொன்று. திருட்டு பிடிபட்ட பிறகும் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழிக்காமல் கணக்கில் தேங்கிக் கிடந்தது. பிடிபட்ட திருடனைச் சிறைக்கு அனுப்பலாம். பெட்டியில் பூட்டிவைத்த பணத்தால் பசித்திருந்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

2024 கோடையில் பள்ளி விடுமுறை மாதங்களுக்கு ஒரு பிள்ளைக்கு 120 டாலர் உணவு உதவி தர மத்திய அரசு முன்வந்தது. நிர்வாகச் செலவில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும். மிசிசிப்பி மறுத்துவிட்டது. மத்திய அரசு பெரும்பங்கு செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கத்தையும் இன்றுவரை ஏற்கவில்லை. 2022ல் கிரீன்வுட் நகர மருத்துவமனையில் பிரசவப் பிரிவு மூடப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் சிசு மரணத்தை மாநிலச் சுகாதாரத் துறையே பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவித்தது. 2024ல், பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 9.7 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

அரிசிக்கும் பாலுக்கும் மிசிசிப்பி வசூலித்த 7 சதவிகித விற்பனை வரி நாட்டிலேயே மிக உயர்ந்த மளிகை வரிகளில் ஒன்று. 2025 ஜூலையில் அதை 5 ஆக்கினார்கள். உணவு உதவி அட்டையில் வாங்கினால் வரியில்லை என்றாலும் மாதக் கடைசியில் அட்டை தீர்ந்தபின் கைக்காசில் வாங்குபவர்கள் அந்த ஏழைகள்தான். மளிகை வரியைக் குறைத்த அதே சட்டம் வருமான வரியைப் படிப்படியாக முற்றிலும் ஒழிக்கவும் வழி செய்தது. 2025ல் அதில் ஆளுநர் டேட் ரீவ்ஸ் கையெழுத்திட்டார். வருமானம் அதிகமுள்ளவருக்கே வருமான வரி ஒழிப்பில் ஆதாயம் அதிகம்.

ஆறு மாதத்தில் நடந்தது

இவ்வளவு ஆழமாக வேரோடிய வறுமையை என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு 2021 ஒரு பதில் வைத்திருக்கிறது. கொரோனா கால மீட்புச் சட்டத்தின் கீழ் குழந்தை வரிச்சலுகையை மத்திய அரசு உயர்த்தியது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், மற்றவர்களுக்கு 3,000. அதில் பாதி ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுந்தது. அதைவிட முக்கியம், வருமானம் மிகக் குறைந்த குடும்பத்துக்கும் முழுத் தொகை கிடைத்தது. அதுவரை வரி கட்டும் அளவுக்குக்கூடச் சம்பாதிக்காதவர்களுக்கு, அதாவது உண்மையில் தேவைப்பட்டவர்களுக்கு, சலுகை குறைவாகவே போனது.

அரசு உதவிகளையும் கணக்கில் சேர்க்கும் துணை அளவீட்டின்படி, அமெரிக்காவின் குழந்தை வறுமை 2020ல் 9.7 சதவிகிதம். 2021ல் 5.2. அந்த அளவீடு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த எண். அந்த ஆண்டு டிசம்பரில் செனட்டர் ஜோ மான்சின் ஆதரவு தர மறுத்ததால் திட்டம் நீடிக்கவில்லை. 2022ல் விகிதம் 12.4க்குத் தாவியது. ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை 38 லட்சத்திலிருந்து 90 லட்சம். அந்த ஓராண்டில் அமெரிக்கத் தாய்மார்கள் சோம்பேறிகளாக மாறிவிடவில்லை. தந்தைகள் குடிக்கத் தொடங்கிவிடவில்லை. ஒரு சட்டம் முடிந்தது, அவ்வளவுதான். வறுமைக்குக் குணத்தைக் காரணம் காட்டும் எல்லா வாதங்களும் இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நிற்காது.

ஜாக்சனில் 2018 முதல் நடக்கும் சிறிய முயற்சியும் அதையே சொல்கிறது. அய்ஷா நியாண்டோரோ தலைமையிலான அமைப்பு, அரசு மானியக் குடியிருப்பில் வாழும் கறுப்பினத் தாய்மார்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓராண்டுக்கு மாதம் ஆயிரம் டாலர் கொடுக்கிறது. கடனை அடைக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் செலவழிக்கிறார்கள், படிக்கப் போகிறார்கள். தாயை நம்பினால் போதும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை.

எந்தக் கவுண்டியில் வளர்கிறோம் என்பதே விதியைத் தீர்மானிக்குமா? இந்தக் கேள்வியை லட்சக்கணக்கான வரிக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தவர் ராஜ் செட்டி. தமிழ்ப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியலாளர். நத்தானியல் ஹென்ட்ரனுடன் சேர்ந்து அவர் கண்டது இது: நல்ல கவுண்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், எவ்வளவு சிறு வயதில் பிள்ளை அங்கே போனதோ அவ்வளவுக்கு அதன் பிற்கால வருமானம் உயர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் சேர்கிறது. அப்படியென்றால் ஹோம்ஸில் ஒரு பிள்ளை காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதன் கணக்கில் கழிகிறது. எல்லோரும் ஊரைவிட்டுப் போவது தீர்வாகாது. 1940 முதல் ஊரே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஊர் மாற வேண்டும்.

மாற முடியும் என்பதற்கும் மிசிசிப்பியிலேயே அத்தாட்சி உண்டு. 2013ல் வாசிப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒலி வழி வாசிப்புக் கற்பிக்கும் பயிற்சி, பள்ளிகளுக்குப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் மேலே அனுப்பாத கண்டிப்பு. அந்த ஆண்டு நான்காம் வகுப்பு வாசிப்பில் நாட்டில் 49ஆம் இடத்தில் இருந்த மாநிலம் 2024ல் ஒன்பதாம் இடத்துக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளை மட்டும் ஒப்பிட்டால் அதைவிடவும் மேலே. 2024ல் பள்ளி நிதிப் பங்கீட்டையும் மாற்றி, வறுமை செறிந்த மாவட்டங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். இவை மெய்யான சாதனைகள். அரசியல் பேதமின்றிப் பாராட்ட வேண்டியவை. ஆனால் வாசிக்கக் கற்ற அந்தப் பிள்ளை பள்ளி முடிந்து திரும்பும் வீடு இன்னும் அதே வீடுதான்.

2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டம் குழந்தை வரிச்சலுகையை 2,200 டாலராக உயர்த்தியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழுத் தொகை கிடைக்காத பழைய விதியைத் தொடவில்லை. 14 வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளைகளின் பெற்றோருக்கு உணவு உதவி பெற வேலை நிபந்தனையை நீட்டியது. வருங்காலத்தில் உணவு உதவிச் செலவில் ஒரு பகுதியை மாநிலங்களின் தலையிலும் சுமத்துகிறது. 120 டாலர் கோடை உதவிக்கே நிர்வாகச் செலவு தர மறுத்த மாநிலம் அதை எப்படி எதிர்கொள்ளும் என்பது பெரும் கவலை.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்கள் இன்று ஏராளம். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி மாவட்டம் நல்லது என்று பார்த்து வீடு வாங்குகிறவர்கள் நாம். வாக்குச் சீட்டைக் கையில் வாங்கும்போது, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கவுண்டியின் பிள்ளைகளுக்கு இந்த வேட்பாளர் என்ன செய்தார் என்று கேளுங்கள். குழந்தை வரிச்சலுகையை மிக ஏழைக் குடும்பத்துக்கும் முழுமையாகத் தருவதற்கு வாக்களித்தாரா, மறுத்தாரா என்று பாருங்கள். அந்தப் பதிவு நாடாளுமன்ற ஆவணத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கிறது.